அட்லாண்டிக் மேல ஒரு கட்டில்!

மாட்டுத்தாவணியில ஆம்னி பஸ் டிக்கெட் போடறப்ப நாம என்னென்ன கேட்போம்? செமி ஸ்லீப்பரா, ஸ்லீப்பரா? டூ ப்ளஸ் ஒன்னா? லோயர் பெர்த் இருக்கா? தாம்பரத்துல நிக்குமா? சாப்பாட்டுக்கு எந்த ஓட்டல்ல நிறுத்துவாய்ங்க? சில நூறு ரூபாய் டிக்கெட்டுக்கே புரோக்கர் அண்ணனை நொங்கு எடுத்துருவோம்ல!

ஆனா பாருங்க மக்களே... லட்சக்கணக்குல பணம் கட்டி அமெரிக்காவுக்கு பிசினஸ் க்ளாஸ் டிக்கெட் போடறவங்க, 'எந்த ஏர்லைன்ஸ் பெருசு?'ங்கற ஒரே கேள்வியோட முடிச்சுக்கறாங்க. இந்த வாரம் நம்ம கால்குலேட்டர் அங்கதான் போகுது.

'டேய், நமக்கு டவுன் பஸ்ல நிக்கவே இடம் கிடைக்கல. இதுல பிசினஸ் க்ளாஸா?'ன்னு நீங்க கேட்கறது காதுல விழுது. வெயிட். மேட்டர் நமக்கு இல்ல, நம்ம அம்மாவுக்கு!

மேலூர் டு நியூஜெர்ஸி

ஹாஸ்டல்ல என் பக்கத்து ரூம் பங்காளிக்கு மேலூர் பக்கம் ஊரு. அவனோட அக்கா நியூஜெர்ஸியில. முதல் பிரசவம். அம்மா வந்தாத்தான் ஆச்சுன்னு அக்கா ஒரே அழுகை. அப்பாவால வர முடியாது. வயலும் ரெண்டு மாடும் அவரை விடாது. ஆக, அம்மா மட்டும் தனியா போகணும். வயசு அம்பத்தெட்டு. ரெண்டு முழங்காலும் தேய்மானம். இங்கிலீஷ் தெரியாது. இதுவரைக்கும் ஏறின பெரிய வண்டி வைகை எக்ஸ்பிரஸ்தான்.

மாமா போன்ல சொல்லிட்டாரு: "அத்தைக்கு பிசினஸ் க்ளாஸ் போட்டுடலாம். எதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லு மாப்ள." பங்காளி நேரா என் ரூமுக்கு வந்துட்டான். "நீதானடா கணக்குப் போடறவன்... போடு!"

போட்டேன். நாளைக்கு உங்க வீட்லயும் இந்தக் கேள்வி வரலாம். அதனால அப்படியே உங்களுக்கும்.

கட்டில் வந்த கதை

அட்லாண்டிக்கைத் தாண்டறதுல ஒரு காலத்துல வேகம்தான் கெத்து. கான்கார்ட் விமானம் 1976-ல பயணிகளை ஏத்த ஆரம்பிச்சுது. லண்டன்ல இருந்து நியூயார்க் சுமார் மூன்றரை மணி நேரம். ஒல்லியான விமானம், ஒரு பக்கம் ரெண்டு, மறு பக்கம் ரெண்டுன்னு சின்ன சின்ன சீட்டு. படுக்கறதுக்கெல்லாம் வழியே இல்ல. 2003 அக்டோபரோட அந்தக் கதை முடிஞ்சுது.

இதுக்கு நடுவுல, 2000-ல பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் க்ளாஸ்ல முழுசா படுக்கற சீட்டைக் கொண்டு வந்துச்சு. பாதிப் பேர் முன்னாடி பார்த்து, பாதிப் பேர் பின்னாடி பார்த்து உட்காரணும். எதிர் எதிரா அடுக்கினாத்தான் அவ்வளவு கட்டில் உள்ளே பிடிக்கும்! அதுக்கப்புறம் வேகப் போட்டி போய், தூக்கப் போட்டி வந்துடுச்சு.

'விமானம் பூரா பிசினஸ் க்ளாஸ் மட்டும் வச்சா என்ன?'ன்னு மேக்ஸ்ஜெட், இயாஸ், சில்வர்ஜெட்னு மூணு கம்பெனி அட்லாண்டிக்ல குதிச்சுது. 2007 டிசம்பர்ல இருந்து 2008 மே மாசத்துக்குள்ள மூணுமே காலி. பெட்ரோலிய விலை உச்சத்துக்குப் போன நேரம் அது. அதே ஐடியாவை 2014-ல பிடிச்ச லா கம்பானி மட்டும் பாரிஸ் - நியூயார்க் பக்கம் தாக்குப்பிடிச்சுது. ஒரு விமானத்துல 76 சீட்டுதான்!

நம்ம ஊருக்கும் இதுல ஒரு சின்ன பங்கு உண்டு. 2007-ல ஜெட் ஏர்வேஸ் சென்னையில இருந்து பிரஸ்ஸல்ஸ் வழியா நியூயார்க்குக்கு விமானம் விட்டுச்சு. வேற கம்பெனிக்கு மாறாம நம்ம ஊர் ஏர்லைன்ஸ்லயே போயிடலாம். அந்தக் கம்பெனியே 2019 ஏப்ரல்ல நின்னு போச்சு.

டூ ப்ளஸ் ஒன் இருக்கா?

பிசினஸ் க்ளாஸ்னு போட்டிருந்தா எல்லாம் ஒண்ணு இல்ல பாஸ். ஆம்னி பஸ் கணக்கை அப்படியே மேல கொண்டு போங்க.

செமி ஸ்லீப்பர் மாதிரி சாய்ஞ்சுட்டு, படுத்தா மெதுவா கீழே வழுக்கற பழைய சீட்டு ஒரு வகை. தரை மட்டத்துக்கு நேரா, கட்டிலா மாறற சீட்டு இன்னொரு வகை. இது ரெண்டுக்கும் பேரு பிசினஸ் க்ளாஸ்தான்!

அடுத்தது வரிசை. 2-3-2ன்னு இருந்தா ஜன்னல் சீட்டுக்காரர் பாத்ரூம் போக பக்கத்து ஆளைத் தாண்டணும். நடு சீட்டுன்னா ரெண்டு பக்கமும் ஆள். 1-2-1ன்னு இருந்தா எந்த சீட்ல இருந்தும் நேரா நடைபாதைக்கு வரலாம். முழங்கால் வலிக்கற அம்மாவுக்கு ஷாம்பெயின் முக்கியமா, இது முக்கியமா? நீங்களே சொல்லுங்க.

2017-ல கத்தார் ஏர்வேஸ் கதவு வச்ச 'க்யூ சூட்' கொண்டு வந்தது. 2019-ல பிரிட்டிஷ் ஏர்வேஸும் கதவு வச்ச 1-2-1 'க்ளப் சூட்'டுக்கு மாற ஆரம்பிச்சது. 2021-ல லண்டனுக்குப் பறக்க ஆரம்பிச்ச ஜெட் ப்ளூ, சின்ன விமானத்துல பக்கத்துக்கு ஒண்ணா மொத்தம் 24 தனி அறை வச்சது. எமிரேட்ஸ்ல ஏ380 ஏறினா 1-2-1. அதே எமிரேட்ஸோட பழைய 777-ல ஏறினா 2-3-2!

அதாவது, கம்பெனி பேரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. எந்த விமானம், எந்த சீட் மேப்னு பாருங்க. ஒரே கம்பெனியில திங்கட்கிழமை கட்டிலும் செவ்வாய்க்கிழமை சாய்மானமும் வரலாம்.

மூணு வழி, மூணு கணக்கு

மதுரையில ஏறி நியூயார்க்ல இறங்கற விமானம் எதுவும் கிடையாது. நம்ம ஏர்போர்ட்ல இருந்து முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பர்ல கொழும்புக்குக் கிளம்பிச்சு. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ்ல கொழும்பு போய், அங்கிருந்து லண்டன், அப்புறம் நியூயார்க்னும் போகலாம். பெருங்குடியிலேயே இமிக்ரேஷன் முடிஞ்சுடும். ஆனா ரெண்டு இடத்துல மாறணும். தனியா போற அம்மாவுக்கு அது வேணாம்னு தள்ளிட்டோம். சென்னையில ஏறினா பாக்கி இருக்கறது மூணு வழி.

ஒண்ணு, லண்டன் வழி. சென்னை - லண்டன் சுமார் பத்தரை மணி நேரம். அங்க மாறி நியூயார்க் எட்டு மணி நேரம். பயணம் ரெண்டு துண்டா கிட்டத்தட்ட சமமா உடையுது.

ரெண்டு, வளைகுடா வழி. துபாய் வரைக்கும் நாலு மணி நேரம், அப்புறம் சுமார் பதினாலு மணி நேரம் ஒரே மூச்சு. தூங்கறதுக்கு இதுதான் பெஸ்ட். நடுவுல யாரும் எழுப்ப மாட்டாங்க. காசு கம்மியா இருந்தா பெரிய துண்டுக்கு மட்டும் பிசினஸ், சின்ன துண்டுக்கு எகானமின்னும் கேட்டுப் பார்க்கலாம். அபுதாபியில ஒரு வசதி. அமெரிக்க இமிக்ரேஷனை 2014-ல இருந்து அங்கேயே முடிச்சு அனுப்பறாங்க. நியூயார்க்ல இறங்கினா நேரா பெட்டியை எடுத்துட்டு வெளியே வரலாம். ஆனா அந்தப் பக்கம் பதற்றம்னா சிக்கல். 2025 ஜூன் 23-ம் தேதி கத்தார் தன் வான்வழியை மூடினப்போ எத்தனையோ விமானம் பாதி வழியில திரும்புச்சு. டிக்கெட் போடற வாரம் செய்தியைப் பார்த்துட்டுப் போடுங்க.

மூணு, டெல்லி வழி. டெல்லியில இருந்து ஏர் இந்தியா நேரா நியூயார்க். பதினஞ்சு, பதினாறு மணி நேரம். 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வான்வழியை மூடின பிறகு சுத்திப் போக வேண்டியதாகி, சில அமெரிக்க விமானங்கள் வியன்னாவுலயும் கோபன்ஹேகன்லயும் இறங்கி எரிபொருள் போட்டுட்டுப் போச்சு. 'நான் ஸ்டாப்'ங்கற வார்த்தையை மட்டும் நம்பாதீங்க, மொத்த நேரத்தைப் பாருங்க.

மதுரை மணிக்கு எத்தனை மணி?

இங்கதான் நம்ம மூளைக்கு வேலை. 'லண்டன் - நியூயார்க் பகல் விமானம். அதுக்கு எதுக்குக் கட்டில்? திரும்பி வர்றப்பதான் ராத்திரி, அதுக்கு மட்டும் பிசினஸ் போடு'ன்னு வெள்ளைக்காரங்க எழுதுவாங்க. அவங்களுக்கு அது சரி. நமக்கு?

அம்மா சென்னையில விடியற்காலை விமானம் ஏறணும்னா முந்தின ராத்திரி பூரா ஏர்போர்ட்ல முழிச்சிருக்கணும். லண்டன்ல மாறி, அந்த ஊர் மணிக்கு சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பறாங்கன்னு வைங்க. கோடை காலத்துல அப்ப மதுரையில ராத்திரி எட்டரை! நியூயார்க்ல இறங்கும்போது அங்க ராத்திரி 7. மதுரையில விடியற்காலை நாலரை. அம்மாவோட உடம்பு இன்னும் மேலூர் மணியிலதான் ஓடும். லண்டன்காரனுக்குப் பகல், நம்ம அம்மாவுக்கு நடுராத்திரி.

அதனால நான் ஒரு ஃபார்முலா வச்சேன். எகானமியை விட எவ்வளவு கூடுதலா கட்டறோமோ, அதை நிஜமா தூங்கற மணி நேரத்தால வகுக்கணும். அவ்வளவுதான்!

உதாரணத்துக்கு, ஒரு வழிக்கு ஒன்றரை லட்சம் கூடுதல்னு வச்சுக்குவோம். போகும்போது, முதல் துண்டுல ஆறு மணி நேரம், அடுத்ததுல அஞ்சு மணி நேரம்னு பதினொரு மணி நேரம் தூங்கலாம். மணிக்கு சுமார் 13,600 ரூபாய். திரும்பும்போது நியூயார்க் - லண்டன் காத்து பின்னாடி இருந்து தள்றதால ஏழு மணி நேரத்துல முடிஞ்சுடும். சாப்பாடு, இறங்கற ஏற்பாடு போக நாலு மணி நேரம் தூங்கினா பெருசு. அஞ்சு மாசம் அமெரிக்காவுல இருந்துட்டு வர்ற உடம்புக்கு லண்டன் - சென்னை துண்டு பகல். அதுல ரெண்டு மணி நேரம். மொத்தம் ஆறு. மணிக்கு 25,000 ரூபாய்!

இன்னொண்ணு. போய் இறங்கினதும் அம்மாவுக்கு வேலை காத்திருக்கு. திரும்பி வந்தா ஊர்ல படுத்து ரெஸ்ட் எடுக்கலாம். ஆக, போகும்போது பிசினஸ், வரும்போது பிரீமியம் எகானமி. எகானமியில முன் சீட்டுக்கும் நம்ம சீட்டுக்கும் சுமார் 31 அங்குலம்னா, பிரீமியம் எகானமியில 38 வரைக்கும் கிடைக்கும். காலை நீட்டலாம். போக ஒரு க்ளாஸ், வர ஒரு க்ளாஸ்னு ஒரே டிக்கெட்டா போட முடியும். நிறைய பேர் கேட்கறதே இல்ல.

அம்மாகிட்ட இந்தக் கணக்கை போன்ல சொன்னேன். "தூங்கறதுக்கு மணிக்குப் பதிமூவாயிரமா? ஏப்பா தம்பி, அந்தக் காசுக்கு நான் வருஷம் பூரா முழிச்சுக்கிட்டே இருப்பேனே!"ன்னாங்க. பங்காளிக்குச் சிரிப்பு தாங்கல.

கொடைக்கானல் கணக்கு

விமானத்துக்குள்ள காத்தழுத்தம் தரையில இருக்கற மாதிரி இருக்காது. சாதாரண விமானத்துல 8,000 அடி உயரத்துல இருக்கற அழுத்தம் வரைக்கும் இறங்கும். கொடைக்கானலே சுமார் 7,000 அடிதான். அதாவது கொடைக்கானலுக்கும் மேல உட்கார்ந்து எட்டு மணி நேரம்! போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ரெண்டுலயும் அது 6,000 அடிக்குள்ள. அசதி குறையும். ரெண்டு டிக்கெட் ஒரே விலையில இருந்தா இந்த விமானத்தைத் தேர்ந்தெடுங்க.

அப்புறம் கால் ரத்தக்கட்டு. இதை 'எகானமி க்ளாஸ் நோய்'னு சொல்வாங்க. பேரே தப்பு. நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்தா ஆபத்து சுமார் ரெண்டு மடங்கு ஆகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. அப்பவும் ஆறாயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தான் வரும், பயப்பட வேணாம். ஆனா அசையாம இருக்கறதுதான் காரணம், சீட்டோட விலை இல்ல. கட்டில்ல படுத்தாலும் நடுநடுவுல எந்திரிச்சு நடக்கணும். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்பணும்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி

சீட்டு, கதவு, அழுத்தம், ஃபார்முலா எல்லாம் சொல்லி முடிச்சேன். அம்மா பொறுமையா கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "எல்லாம் சரி தம்பி. நடுவுல மாறுற ஊர்ல பிளேனைத் தவறவிட்டுட்டா, அன்னிக்கு ராத்திரி நான் எங்க படுக்கறது?"

கப்சிப்! வானத்துல இருக்கற கட்டிலைப் பத்தி ரெண்டு நாளா பேசறோம். தரையில இருக்கற கட்டிலைப் பத்தி நாங்க யோசிக்கவே இல்லை. அந்த ஒரு கேள்விதான் முடிவையே எடுத்துச்சு.

பதில் இதுதான். மொத்தப் பயணமும் ஒரே டிக்கெட்டா இருந்தா, முதல் விமானம் லேட்டாகி அடுத்ததை விட்டாலும் நம்மளைக் கொண்டு சேர்க்கறது அவங்க பொறுப்பு. விலை கம்மின்னு தனித்தனியா ரெண்டு டிக்கெட் போட்டா, ரெண்டாவது டிக்கெட் அம்போ. அது பிசினஸ் க்ளாஸா இருந்தாலும் அம்போதான்! ஐரோப்பாவுல 2004-ல வந்த 261-ம் எண் விதி, விமானம் ரொம்ப தாமதமானா சாப்பாடு, ராத்திரி தங்கணும்னா ஹோட்டல் எல்லாம் கம்பெனிதான் தரணும்னு சொல்லுது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே வந்த பிறகும் இதைத் தன் சட்டமா வச்சிருக்கு.

அடுத்து, விட்டா அடுத்த வண்டி எப்போ? மேலூர்ல மதுரை பஸ்ஸை விட்டா கவலையா? பின்னாடியே இன்னொண்ணு வரும். கிராமத்து மினி பஸ்ஸை விட்டா? அன்னிக்குப் பொழப்பு போச்சு. லண்டன் - நியூயார்க்குக்கு ஒரு நாளைக்குப் பல விமானம். வளைகுடாவுல இருந்து அவ்வளவு கிடையாது. தூக்கத்துல வளைகுடா ஜெயிச்சாலும், அம்மாவோட கேள்வியில லண்டன் ஜெயிச்சிருச்சு. வந்து இறங்கற டெர்மினல்லயே அடுத்த விமானமும் கிளம்பற மாதிரி பார்த்துப் போட்டோம். நடுவுல மூணு மணி நேரத்துக்குக் குறையாம இடைவெளி.

கிழிச்சு ஒட்டி வைங்க!

* வீல்சேர் எந்த க்ளாஸுக்கும் இலவசம். ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி வைங்க. வழி கேட்டு அலைய வேணாம், கூடவே ஒரு ஆள் வருவார். இங்கிலீஷ் தெரியாத அம்மாவுக்கு பிசினஸ் க்ளாஸை விட இதுதான் பெரிய வசதி.

* செல்லுபடியாகற அமெரிக்க விசா இருந்தா, லண்டன்ல வெளியே போகாம விமானம் மாற பொதுவா தனி விசா தேவையில்லை. டிக்கெட் போடும் முன்னாடி ஒரு தடவை சரி பார்த்துக்கோங்க.

* பிசினஸ் க்ளாஸ்ல 32 கிலோ பெட்டி ரெண்டு வரைக்கும் தருவாங்க. ஆனா மதுரை - சென்னை விமானத்தைத் தனி டிக்கெட்டா போட்டா 15 கிலோதான். அதுக்கு மேல கிலோவுக்குக் காசு. அதான் அம்மாவை வைகையில ஏத்தி, ஒரு நாள் முன்னாடியே தாம்பரம் சித்தி வீட்ல இறக்கறதுன்னு முடிவு.

* ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டு போனா மறைக்காம சொல்லிடணும். பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள்ள தடை. அக்கா எவ்வளவு கெஞ்சினாலும் வைக்காதீங்க.

* கார்டு பாயிண்ட்ஸ்ல டிக்கெட் 'ஃப்ரீ'ன்னு மாமா சொன்னா, வரியும் சர்சார்ஜும் எவ்வளவுன்னு கேளுங்க. சில சமயம் அதுலயே ஒரு எகானமி டிக்கெட் வந்துடும்.

* சைவமா, அசைவமா, சர்க்கரை நோய்க்கான சாப்பாடா... முன்னாடியே பதிவு பண்ணுங்க.

* ஒரு அட்டையில பெரிய எழுத்துல இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. 'எனக்குத் தமிழ் மட்டும் தெரியும். மகள் வீட்டுக்குப் போகிறேன். தண்ணீர் வேண்டும். கழிவறைக்குப் போக உதவுங்கள்.' ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் தமிழ்ல. அவங்க விரலை வச்சுக் காட்டினா போதும். பங்காளி எழுதின அட்டையில கடைசி வரி, 'எனக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பேன்.'

டிக்கெட் போட்டாச்சு. அம்மா இப்ப வீட்ல ஒத்திகை பார்க்கறாங்களாம். பங்காளியோட அப்பாதான் இமிக்ரேஷன் ஆபீஸர். திண்ணையில உட்கார்ந்து "எதுக்கு வர்றே?"ன்னு அதட்டறாராம். "எம் மகளுக்குப் பிரசவம் பார்க்க"ன்னு அம்மா அட்டையைக் காட்டணும். நாலு தடவை ஃபெயில் பண்ணிட்டு அஞ்சாவது தடவைதான் பாஸ் போட்டாராம் மனுஷன்.

உங்க வீட்லயும் யாராவது பறக்கப் போறாங்களா? ஏர்லைன்ஸ் பேரைக் கேட்கறதுக்கு முன்னாடி, போறவங்களுக்கு எதுல பயம்னு கேளுங்க. கணக்கை அங்கிருந்து ஆரம்பிங்க.

அடுத்த வாரம்: செமஸ்டர் ஃபீஸுக்கு எஜுகேஷன் லோன். வட்டி எப்ப ஓட ஆரம்பிக்குது தெரியுமா? கால்குலேட்டரோட வாங்க!